சுவரோரக் கட்டில்

கையைப் பிடித்துக்கொண்டால் புற்றுநோயாளிக்கு வலி குறைகிறதா என்பதுதான் நர்ஸ் ரோசலினின் ஆய்வு. ஜன்னலோர வரிசையில் படுத்திருப்பவர்களின் கையைத் தினமும் கொஞ்ச நேரம் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள். சுவரோர வரிசைக்கு வெறும் கேள்விதான், விரல்கூடப் படக் கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க அப்படி ஒரு வரிசை வேண்டும் என்று பேராசிரியர் கறாராகச் சொல்லியிருந்தார்.

சுவரோரத்தில் இருந்த தங்கபுஷ்பம், ரோசலினின் தலையைக் கண்டதும் கையைப் போர்வைக்கு வெளியே எடுத்து வைப்பாள். "வலி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டுவிட்டு ரோசலின் நகர்ந்துவிடுவாள். கை அப்படியே கிடக்கும். ஒருநாள் தங்கபுஷ்பம் கேட்டேவிட்டாள்.

"என் கை அசிங்கமாவா இருக்கு, சிஸ்டர்?"

ரோசலின் அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

மறுநாள் விடியற்காலையில் ஜன்னலோரத்தில் ஒருத்தி இறந்துபோனாள். ரோசலின் டூட்டிக்கு வந்தபோது தங்கபுஷ்பத்தின் சுவரோரக் கட்டிலும் காலியாகக் கிடந்தது. வார்டு முழுக்கக் கண்ணால் தேடினாள்.

ஜன்னலோரத்தில், செத்தவளின் விரிப்பை உருவிய வெறும் மெத்தையில், சலைன் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தங்கபுஷ்பம் மூச்சிரைக்கப் படுத்திருந்தாள். மற்றக் கையை நீட்டினாள்.

"இப்பம் பிடிக்கலாம்லா, சிஸ்டர்?"