பார்க்காமல் ஒரு டெலீட்

“ஒரு வரியை அழிக்கணும். ஆனா அது யாரோட வரின்னு நீங்க பார்க்கக் கூடாது.”

கஸ்டமர் கேர் பெண் ஒரு துண்டுச் சீட்டை டேட்டாபேஸ்காரனுடைய கீபோர்டின் மேல் வைத்தாள். அதில் ஒரு பதிவு எண் மட்டும் இருந்தது. போனை எடுத்து அவள் ‘வணக்கம்’ என்று இழுக்கிற இழுப்பில், அந்தத் திருமணத் தகவல் இணையதளத்தின் பாதி அம்மாக்கள் மயங்கிக் கிடந்தார்கள். இன்று வணக்கம் இல்லை, சிரிப்பும் இல்லை.

டேட்டாபேஸ்காரன் நாற்காலியைத் திருப்பினான். எதையும் அழிக்கிற அனுமதி ஆபீசில் அவன் ஒருவனுக்குத்தான். அதனாலேயே அவனுக்கு ‘ரப்பர்’ என்று பெயர் விழுந்திருந்தது.

“பார்க்காம எல்லாம் டெலீட் அடிக்க மாட்டேங்க. முதல்ல செலக்ட் போட்டு வரியைத் திரைக்குக் கொண்டு வருவேன். சரியான ஆள்தான்னு தெரிஞ்ச பிறகுதான் அழிப்பேன்.”

“ஒரே ஒரு தடவை.”

“எனக்கு முன்னாடி இருந்தவரும் ஒரே ஒரு தடவைதான் அவசரப்பட்டாரு. எந்த வரின்னு சொல்ற கண்டிஷனை மறந்துட்டு வெறும் டெலீட்டை அடிச்சாரு. கண் மூடித் திறக்கிறதுக்குள்ள அத்தனை மாப்பிள்ளையும் காலி! அன்னைக்கு வந்த போனுக்கெல்லாம் நீங்கதானே பதில் சொன்னீங்க?”

“நான்தான். ‘உங்க பையன் பேக்கப்ல பத்திரமா இருக்காரும்மா’ன்னு சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிக்கிச்சு. அந்தப் புண்ணியத்துக்காவது இதை அழிங்க.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“அஞ்சு மணிக்கு மெயில் போயிடும்” என்றாள். அன்றன்றைக்கு யார் யாருக்கு விருப்பம் தெரிவித்தார்கள் என்ற தகவல், சாயங்காலமானால் இரண்டு வீட்டுக்கும் தானாகவே போய்விடும். “போச்சுன்னா நாளைக்கு நான் இந்த ஆபீஸ்ல தலை காட்ட முடியாது.”

“பதிஞ்சது யாரு?”

“வீட்டுல. ஆளை ஒரு வார்த்தை கேட்கல.”

அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“ஸ்டாஃபுக்கு இலவசம்னு உங்க அப்பா ஏற்கெனவே ஒரு தடவை உங்களைப் பதிஞ்சு வச்சாரே. இப்ப இன்னொண்ணா? மனுஷன் விட மாட்டாரு போலிருக்கு.”

“அப்படியே வச்சுக்கோங்க. அழிக்கிறீங்களா, இல்லையா? நான் இங்கேயேதான் நிற்கப் போறேன்.”

நின்றாள். அந்தப் பக்கம் அவளுடைய போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அதற்கும் அசையவில்லை.

அவனுக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. வீட்டில் பார்க்கிற மாப்பிள்ளை வேண்டாம் என்று ஒரு பெண் இவ்வளவு பிடிவாதமாக நிற்கிறாள். அந்தப் பெண்ணை ஒரு காபி சாப்பிடக் கூப்பிடுவதற்கே அவன் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பதிவு ஒன்று குறைந்தால் யாருக்கு லாபம்? கொள்கையாவது, மண்ணாவது. டெலீட் என்று தட்டினான். பதிவுகள் இருக்கிற டேபிளின் பெயர், பிறகு அந்த எண். ஒரு தடவை சரிபார்த்துவிட்டு என்டரை அமுக்கினான்.

திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு பிழைச் செய்தி வந்தது.

“என்ன ஆச்சு?” என்று அவள் எட்டிப் பார்த்தாள்.

“அழிக்க விடமாட்டேங்குது. விருப்பங்கள் டேபிள்ல ஒரு வரி இதைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குது. அது இருக்கிற வரைக்கும் இது போகாது. அதாவது...” அவன் முகம் சுருங்கியது. “இதுக்கு யாரோ விருப்பம் அனுப்பியிருக்காங்க.”

“அதையும் சேர்த்து அழிங்க.”

“அது இன்னொருத்தரோட ஆசைங்க. அவங்களைக் கேட்காம எப்படி அழிக்கிறது?”

“அவங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவனுக்குச் சுருக்கென்றது. அப்படியானால் ஆளைத் தெரியும், பேச்சுவார்த்தையும் இருக்கிறது. யார் அந்த மகராசன்? மார்க்கெட்டிங்கில் கண்ணாடி போட்டுக்கொண்டு திரிகிறானே, அவனாக இருக்குமோ?

“பார்த்துட்டுத்தான் அழிப்பேன்” என்றான். இப்போது பிடிவாதம் இந்தப் பக்கம் வந்திருந்தது.

“வேண்டாம். ப்ளீஸ்.”

“ரெண்டையும் பார்ப்பேன். அது யாருன்னு தெரிஞ்சே ஆகணும் எனக்கு.”

அவள் இரண்டு கைகளாலும் திரையை மறைத்தாள். அவன் கீபோர்டைப் பார்த்தபடியே செலக்ட் என்று அடித்து என்டரைத் தட்டிவிட்டுக் காத்திருந்தான். எவ்வளவு நேரம்தான் மறைத்துக்கொண்டு நிற்க முடியும்? கைகள் மெல்லக் கீழே இறங்கின.

மேலே இருந்தது மணமகன் வரி. அதில் அவனுடைய பெயர், அவனுடைய பிறந்த தேதி, அவனுடைய அம்மாவின் போன் நம்பர். அதைப் பிடித்துக்கொண்டு தொங்கிய வரியில், விருப்பம் தெரிவித்தவர் என்ற இடத்தில் அவளுடைய பெயர்.

“காலைல உங்க அம்மா போன் பண்ணிப் பதிஞ்சாங்க. நான்தான் டைப் பண்ணேன்” என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு. “அப்புறம்... கை தவறி அந்தப் பட்டன்ல பட்டுடுச்சு.”

“கை தவற வாய்ப்பே இல்லையே. அது ‘நிச்சயமா?’ன்னு ரெண்டு தடவை கேட்கும். அந்த ப்ரோக்ராம் நான் எழுதினது.”

அவள் நிமிர்ந்து அவனை நேராகப் பார்த்தாள்.

“ரெண்டு தடவையும் ஆமான்னுதான் அமுக்கினேன்.”