யாரிடமும் சொல்லாத கடவுச்சொல்

நோயாளிகளின் முடிவுகள் வெளியே கசிந்துவிடலாகாது என்று, எங்கள் இரத்தப் பரிசோதனைக்கூடத்துக் கணினியில் இலவசமாய்க் கிடைத்த கட்டற்ற மென்பொருளை நிறுவி, அதன் வாயில்களையெல்லாம் அக்காள் தானே அடைத்திருந்தாள்.

“பேசாம விலைக்கு ஒண்ணு வாங்கிடலாம்க்கா.”

“காசையும் குடுத்து, சாவியையும் குடுக்கணுமாடா?”

ஆயினும் ஒரு விற்பனையாளர் தந்த காவல் மென்பொருளை ஒரு நாள் சோதித்தோம். அன்று காலை ஆறு மணிக்கு அக்காளின் பெயரில் எவரோ கணினிக்குள் நுழைந்ததாக அது அறிவித்தது. அவ்வேளை அவள் வீட்டில் என்னெதிரே தேநீர் அருந்திக்கொண்டிருந்தாள்.

“விக்கிறதுக்காகப் பயங்காட்டுறான். இல்லேன்னா நீ முன்னாடியே ஏதோ நோண்டி வச்சிருக்கே. நான் தட்டுறதைப் பாக்காம சுவரைப் பாத்து நில்லு.”

அம்மென்பொருளை நீக்கினாள்; இணையக் கம்பியைப் பிடுங்கினாள்; புதிய கடவுச்சொல்லொன்றை மனத்திற்குள்ளேயே புனைந்து தட்டினாள்.

“டேய், இங்க வந்து படி.”

திரையில் இவ்வாறிருந்தது: ‘இன்று காலை ஆறு மணிக்கு நீங்கள் பயன்படுத்திய கடவுச்சொல் இது. வேறொன்று தருக.’