சாட்சிக் கண்

ஒச்சம்மாளுக்குப் படம் எடுக்கத் தெரியாது. படத்தில் இருப்பது நிஜமாகவே அங்கே இருந்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்வதுதான் அவள் உத்தியோகம். பொய்ப் படங்கள் பெருகிவிட்டதால், சாட்சி இல்லாத படத்தை இப்போதெல்லாம் எந்த ஆபீசிலும் வாங்குவதில்லை.

இது பதினோராவது விடியற்காலை. ஆபீசில் கொடுத்த கண்ணாடி மூக்கை அறுத்தது. அவள் கண் திறந்திருந்ததா என்று அதுதான் குறித்துக்கொள்ளும். பாறை இடுக்கில் கொம்பன் ஆந்தை குடியிருப்பதை இன்றைக்குள் நிரூபித்தால் மலை பிழைக்கும். இல்லாவிட்டால் நாளைக்கே குவாரிக்காரர்கள் வெடி வைத்துவிடுவார்கள்.

"தூங்கிப்புடாதீகக்கா," என்றான் சற்றுத் தள்ளி கேமராவோடு குந்தியிருந்த ஜெரால்டு. அவன் பார்த்தது செல்லாது. படம் எடுப்பவனே சாட்சி சொல்ல முடியாது.

"கண்ணுல மண்ணள்ளிப் போட்டாப்புல எரியுது தம்பி. தூக்கம் எங்கிட்டு வரும்?"

கிழக்கு வெளுத்து, பாறையில் இளமஞ்சள் வெளிச்சம் படிந்தது. சூரியன் தலைகாட்டியதும், தினமும் செய்கிற மாதிரியே அவள் கண்ணை மூடிக் கைகூப்பினாள். 'இன்னைக்காவது அத வரச்சொல்லு சாமி.'

கேமரா படபடத்தது. அவள் கண் திறந்தபோது பாறை காலியாக இருந்தது.

"பாத்தீகள்லக்கா?" என்றான் ஜெரால்டு.

அவன் படத்தை நீட்டினான். அத்தனை தெளிவு. கீழே ஓரத்தில் கண்மூடிக் கும்பிட்டபடி அவள். மேலே பாறை விளிம்பில் கொம்பன் ஆந்தை, இரண்டு கண்ணையும் அகலத் திறந்து, அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.