பூட்டிய வீட்டுக்கு ஓர் ஆணை

பிரஷ் வாங்க நேரமில்லை. மைதாப் பசையை உள்ளங்கையால் அள்ளிக் கதவில் அப்பினாள்.

சூடு ஆறாத பசை. கை சுட்டது.

மணி ஒன்று இருபது.

இரண்டு மணிக்கு அந்தப் பெண்ணுக்குப் பரீட்சை. நர்சிங் கடைசி வருஷம். அதற்குள் இந்தக் காகிதம் இந்தக் கதவில் ஏறியாக வேண்டும்.

மகளிர் காவல் நிலையத்தில் பதினெட்டு வருஷம். இரண்டு வருஷமாக ஏட்டு. எத்தனையோ கதவுகளில் நோட்டீஸ் ஒட்டிய கைதான். இன்று என்னவோ, ஒரு மூலை ஒட்டினால் மறு மூலை பிய்த்துக்கொண்டு வந்தது.

புதுச் சட்டம். சட்டசபையில் நிறைவேறி மூன்று மாதம்கூட ஆகவில்லை. பெண்ணைப் பின்தொடர்ந்து மிரட்டியவன் ஜாமீனில் வந்தாலும், அவள் இருக்கும் திசைக்கே போகக் கூடாது என்று ஆணை வாங்கலாம். மீறினால் நின்ற இடத்திலேயே கைது.

ஒன்றே ஒன்று. ஆணை அவனிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஆள் அகப்படவில்லையா, கதவில் ஒட்டி, அக்கம்பக்கத்தில் ஒருவரிடம் கையெழுத்து வாங்கினால் போதும்.

நேற்று கான்ஸ்டபிள் பேச்சிக்கனி காலையில் வந்தாள். மாலையிலும் வந்தாள். 'வீடு பூட்டியுள்ளது' என்று எழுதிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

ஒட்டவில்லை.

முன்வாசலில் பூட்டு. பின்பக்கம் இடுப்பளவு மதில்.

நேற்று மாலை அவன் பேருந்து நிறுத்தத்தில், அந்தப் பெண்ணுக்குப் பத்தடி தள்ளி நின்றான். கையில் ஒரு பாட்டில். தண்ணீர்தான். மூடியைத் திறந்தான். மூடினான். திறந்தான். டிராபிக் போலீஸ்காரர் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். தொட முடியவில்லை.

இன்று பன்னிரண்டு மணிக்கு அந்தப் பெண் நிலையத்துக்கு வந்தாள். ஹால் டிக்கெட்டைச் சுருட்டிச் சுருட்டிக் குச்சியாக்கியிருந்தாள்.

"குடுத்தாச்சா ஏட்டம்மா? நா பரீட்சைக்குப் போலாமா? இல்ல, அடுத்த வருசம் பாத்துக்கிடட்டுமா?"

முகத்தைப் பார்த்துத்தான் கேட்டாள். ஏட்டம்மா மேசை டிராயரில் எதையோ தேடினாள்.

பிறகு பேச்சிக்கனியைத் தனியே கூப்பிட்டாள்.

"ஏன் ஒட்டல?"

"எப்படிக்கா..." பேச்சிக்கனி தலையைக் குனிந்துகொண்டாள். "கை வரலக்கா."

இன்ஸ்பெக்டர் அம்மா, நீ போகாதே, வேறு ஸ்டேஷனில் ஆள் கேட்டிருக்கிறேன் என்றார். ஆள் வர நாலு மணியாகும்.

அவள் பசை டப்பாவோடு பேச்சிக்கனியின் ஸ்கூட்டரில் ஏறிவிட்டாள்.

நாலாவது மூலையும் ஒட்டியது.

தெருவைக் கடந்து இஸ்திரி வண்டிக்குப் போனாள். மாடசாமி பெட்டியை நிமிர்த்தி வைத்தார். காகிதத்தைப் பார்த்தார். கதவைப் பார்த்தார்.

"நா கையெழுத்துப் போடணுமா ஏட்டம்மா? நாளப்பின்ன உங்க மூஞ்சில முழிக்க வேண்டாமா?"

"முழிக்கலாம். போடுங்கண்ணே."

போட்டார். அவளுடைய பேனாவைத் தன் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, தேய்த்து முடித்த சட்டையையே மறுபடி தேய்க்க ஆரம்பித்தார்.

கதவு எண், பூட்டு, ஆணை மூன்றும் தெரியும்படி ஒரு போட்டோ. இன்ஸ்பெக்டருக்கு அனுப்பினாள்.

ஒன்று முப்பத்தி நாலு.

ஸ்கூட்டர் பக்கம் வந்து, குரலைத் தணித்தாள்.

"கெளம்பு. ஸ்டேஷன்ல இருக்கிற அந்தப் புள்ளைய ஹால் வாசல்ல விடு. எழுதி முடிச்சு வெளிய வர்ற வரைக்கும் அங்கயே நில்லு. அவன் வந்தான்னா..."

"வந்தா?"

"தூக்கிரு."

பேச்சிக்கனி வண்டியைக் கிளப்பவில்லை. "நீங்கக்கா?"

"எனக்கு இங்க சோலி கெடக்கு. போ."

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது.

அவள் கதவருகே வந்து நின்றாள். பசைக் கையைக் காக்கிப் பேண்டில் துடைத்தாள். ஒட்டியதை முதலிலிருந்து படித்தாள். பெயர். வயது இருபத்து மூன்று. காலமான தகப்பனின் பெயர். வீட்டு எண். தெரு.

தாய் பெயருக்கு அந்தப் படிவத்தில் இடமில்லை.

கைப்பையைத் திறந்தாள். சாவியை எடுத்தாள்.

காலையில் அவளே பூட்டிய பூட்டு. நேற்றும் அவள்தான் பூட்டினாள்.

சாவி திரும்பியது.

கதவுக்கு அந்தப் பக்கம், மிக அருகில், ஒரு கிசுகிசுப்பு.

"போயிட்டாங்களாம்மா?"