சேர்த்துக்கொண்ட பிள்ளை

மாற்றுத்திறனாளிகளுக்காக வெளிநாட்டு உதவியோடு வெள்ளவத்தையில் நடக்கும் தொண்டு நிறுவனம் அது. நேர்முகத் தேர்வு முடிகிற நேரம். உஷாந்தி வேலை தேடித் தேடிக் களைத்துப்போயிருந்தாள். இதுவும் கிடைக்காவிட்டால் கொழும்பை விட்டு வவுனியாவுக்கே திரும்ப வேண்டியதுதான்.

“பிள்ளை, உம்மட படிப்பில ஒரு குறையுமில்லை. ஆனா இப்பிடியான ஒரு ஆளை நாங்கள் இதுவரைக்கும் எடுத்ததில்லை,” என்றார் தலைவர் நமசிவாயம்.

“ஒருக்கா எடுத்துப் பாருங்கோ சேர். கெதியாப் பழகிடுவன்.”

“கூட்டத்தில நாங்கள் கதைக்கிறது உமக்கு விளங்காதே,” என்றார் கணக்காளர் மயூரி. “எல்லாரும் பகிடி விட்டுச் சிரிக்கேக்க நீர் மட்டும் முழிச்சுக்கொண்டெல்லே இருப்பீர்?”

“கொஞ்ச நாளைக்கு முழிக்கிறன் அக்கா. பிறகு நானே பகிடி விடுவன்!”

மயூரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலைவரும் இறங்கி வந்தார்.

“எல்லாரையும் சேர்த்து வேலை செய்யுங்கோ எண்டு காசு தாற வெள்ளைக்காரரும் சொல்லிக்கொண்டுதான் இருக்கினம். சரி, இந்தப் பிள்ளையில இருந்து தொடங்குவம். திங்கக்கிழமை வாரும்.”

அறையிலிருந்தவர்கள் இரு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, விரல்களை விரித்து ஆட்டினார்கள். உஷாந்தியோ சந்தோஷத்தில் படபடவென்று கைதட்டினாள். அந்தச் சத்தம் கேட்டது அவளுக்கும், அவ்வளவு நேரமும் மற்றவர்களின் சைகைகளை அவளுக்கு மொழிபெயர்த்துச் சொன்ன ரதிக்கும் மட்டும்தான்.

அதுதான் அவர்களின் கைதட்டல் என்று சட்டென்று புரிந்துகொண்ட உஷாந்தி, தானும் கைகளை உயர்த்தி விரல்களை ஆட்டினாள்.

தலைவரின் கைகள் ஏதோ சொல்லின. ரதி சிரித்துவிட்டாள்.

“காது கேக்கிற பிள்ளையெண்டாலும் கெட்டிக்காரியாம்!”