உள்ளே திரும்பிய பெயர்

களஞ்சிய அதிகாரி நக்தியின் பெயரை இனி யாரும் பார்க்கவோ உச்சரிக்கவோ கூடாது என்று புதிய மன்னன் ஆணையிட்டான். அதற்குள், செத்துப்போன நக்தியின் கல்லறை வாசலுக்கு மேலே பதிக்கவேண்டிய சுடுமண் கூம்புகள் சூளையிலிருந்து வந்து இறங்கிவிட்டன. ஒவ்வொன்றின் தட்டையான அடியிலும் அவன் பெயர் முத்திரையாக அழுந்தியிருந்தது. கூர்முனையைச் சாந்துக்குள் செருகிப் பெயரை வெளியே காட்டுவதுதான் அந்த ஊர் வழக்கம். அவன் மனைவி தகேத் முதல் கூம்பை எடுத்துத் தலைகீழாகத் திருப்பினாள்.

“பேரு உள்ள போகட்டும்.”

“வெளிய நின்னு யாரும் படிக்க முடியாதேம்மா,” என்றான் கொத்தன்.

“படிக்கவேண்டியவரு உள்ளதான் படுத்திருக்காரு. வைப்பா.”

அவன் தயங்கவே, அவளே சாந்தில் கைவைத்தாள்.

உளிகளோடு காவலர்கள் வந்தபோது, வாசலுக்கு மேலே முள்ளம்பன்றி முதுகு போலக் கூர்முனைகள் மட்டுமே நீட்டிக்கொண்டிருந்தன. அவர்கள் தலைவன் அண்ணாந்து தேடினான். கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

“எங்க அந்தப் பேரு? நக்தி பேரு எங்க?” என்று கத்தினான்.

எதிரே இருந்த மலையும் நக்தி, நக்தி என்றது.

தகேத் கைச்சாந்தைக்கூடத் துடைக்காமல் அவன் பக்கம் திரும்பினாள்.

“சரியா காதுல விழலங்க. இன்னொரு தடவ சொல்லுங்க.”