முதலில் உன் கை

"ஏங்க, மணி அஞ்சே முக்கால். எழுந்திரிக்கிறீங்களா, மூஞ்சில தண்ணி தெளிக்கட்டுமா?"

போர்வைக்குள்ளிருந்து பதில் வந்தது. "இன்னிக்கு ஒரு நாள் லீவு குடு. பிரஷர் எங்கேயும் ஓடிப் போயிடாது."

"அது ஓடிப் போகணும்னுதான் உங்களை ஓட வைக்கிறேன். எழுந்திரிங்க!"

தையல்காரி போர்வையை உருவினாள். நாளெல்லாம் பள்ளிச் சீருடை தைக்கிற கை. உருவிய வேகத்திலேயே அதை மடித்தும் வைத்துவிட்டது. மூன்று மாதமாக இந்த வீட்டில் இப்படித்தான் பொழுது விடிகிறது.

எல்லாம் தெருமுனையில் நடந்த மருத்துவ முகாமில் ஆரம்பித்தது. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்துதான் போய்க் கையை நீட்டினார்கள். துணி அவசரம் என்று அவள் பாதியில் ஓடி வந்துவிட்டாள். தலை வெடித்தால்கூட, 'தைச்சு முடிச்சுட்டுப் பாத்துக்கலாம்' என்கிறவள் அவள். இரண்டு பேர் சீட்டையும் அவர்தான் வாங்கி வந்தார்.

"எனக்கு நூத்தி நாப்பத்தெட்டாம்," என்றார் செருப்பைக்கூடக் கழற்றாமல். "மூணு மாசம் நடக்கணும், உப்பைக் குறைக்கணும், நேரத்துக்குத் தூங்கணும். அப்பவும் இறங்கலேன்னா மாத்திரையாம். உனக்கு ஒண்ணுமில்ல, நீ குதிரை மாதிரி இருக்கே."

அவளுடைய அக்காவுக்கும் இதே பிரஷர்தான். ஒரு மத்தியான வேளையில் தையல் மெஷின் மேல் சாய்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. நாற்பத்தொன்பது வயது. அந்தப் பயம் இன்னும் நெஞ்சை விட்டுப் போகவில்லை. இந்த மனுஷனையும் பறிகொடுக்க அவள் தயாராக இல்லை.

ஒரு விஷயம் மட்டும் அவளுக்குப் புரியவே இல்லை. அவர் கரண்ட் மீட்டர் கணக்கெடுப்பவர். தெருவில் அவருக்கு 'மீட்டர்காரர்' என்றே பெயர். நாள் முழுக்க வீடு வீடாகப் படியேறி இறங்குகிற மனுஷனுக்குப் பிரஷர் எங்கிருந்து வந்தது?

"அது வேலை நடை. இது உடம்பு நடை. ரெண்டும் ஒண்ணா?" என்று கேட்டு அவள் வாயை அடைத்துவிட்டார்.

அவரை நடக்க வைப்பதும் லேசான காரியமாக இல்லை. பூங்காவில் இரண்டு சுற்று முடிந்ததும் நின்றுவிடுவார். "நீ கூட வந்தா இன்னொரு சுத்து. இல்லேன்னா நான் வீட்டுக்குப் போறேன்" என்று மிரட்டுவார். தைக்க வேண்டிய துணி கண்ணுக்குள் வந்து நின்றாலும், பல்லைக் கடித்துக்கொண்டு கூட நடப்பாள். உப்பில்லாமல் தனியாக ஆக்கி வைத்தால் தட்டைத் தள்ளிவிடுவார், எல்லாருக்கும் ஒரே சமையல்தான் வேண்டுமாம். பத்து மணிக்கு மேல் தையல் மெஷின் சத்தம் கேட்டால் தூக்கம் வராதாம், அதனால் அவளும் பத்துக்கே படுத்தாள். குழந்தையை வளர்ப்பது இதைவிடச் சுலபம் என்று அலுத்துக்கொள்வாள்.

நடந்து வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்த பிறகு பிரஷர் மெஷினை எடுப்பார். அதிலும் தொழில் புத்தி.

"எந்த மீட்டரையும் சோதிக்காம நம்பக் கூடாது. முதல்ல உன் கையைக் காட்டு. ஒழுங்கா ஓடுதான்னு பாப்போம்."

"நல்லா கெடைச்சேன் உங்களுக்கு நான்!"

"பேசாதே. பேசினா நம்பர் ஏறும்."

அவள் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். பட்டை இறுகித் தளர்ந்ததும், "மெஷின் சரியாத்தான் இருக்கு" என்பார். பிறகு தன் கையில் சுற்றிக்கொள்வார். எல்லாம் முடிந்து நோட்டில் ஒரே ஒரு வரி எழுதுவார். அவள் மூக்குக்கண்ணாடியைத் தேடியெடுத்து வந்து அதைப் படிப்பாள். 146. 141. திரும்பவும் 144 என்று ஏறிய அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. 135 வந்த அன்று பக்கத்து வீட்டுக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். நேற்று 124.

இன்றோடு கெடு முடிகிறது. நடந்து முடித்த கையோடு நோட்டை எடுத்துக்கொண்டு முகாமில் பார்த்த டாக்டரிடமே போனார்கள்.

டாக்டர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நிதானமாகப் புரட்டினார். "ரொம்ப நல்லா இறங்கியிருக்கு. இப்போதைக்கு மாத்திரை தேவைப்படாது. ஆனா நடையை மட்டும் விட்டுடக் கூடாது."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நல்லா காதுல விழற மாதிரி சொல்லுங்க டாக்டர். தினமும் இவரை எழுப்புறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுது."

"எதுக்கும் நானும் ஒரு தடவை பாத்துடறேன்," என்று டாக்டர் பட்டையைக் கையில் எடுத்தார்.

மீட்டர்காரர் எழுந்து தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். "உக்காரு."

"இங்கேயுமா?" அவள் சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். "டாக்டரோட மெஷினுக்கும் என் கையிலதான் சோதனையா?"

டாக்டர் சிரிக்காமல் அவரைத் திரும்பிப் பார்த்தார். "இன்னுமா சொல்லலை? நூத்தம்பதைத் தொட்டா அன்னிக்கே கூட்டிட்டு வரேன், மூணு மாசத்துல உண்மையைச் சொல்லிடறேன்னு நீங்க ரெண்டுக்கும் தலையாட்டினதாலதானே நான் ஒத்துக்கிட்டேன்?"

அவர் சட்டைப் பையிலிருந்து அந்த முகாம் சீட்டை எடுத்து அவள் மடியில் வைத்தார். நூற்று நாற்பத்தெட்டு என்ற எண்ணுக்கு மேலே அவளுடைய பெயர் இருந்தது.

"மெஷினைச் சோதிச்சதெல்லாம் என் கையிலதான். நோட்டுல எழுதினது உன் நம்பர்," என்றார் அவர். "உனக்குன்னு சொல்லியிருந்தா, ஒரு நாளாவது எழுந்து வந்திருப்பியா?"